மாயவரத்தில் அத்தையோடு நாலு வீதி

"ஆயிரமானாலும் மாயூரமாகுமா?" என்று ஒரு வசனம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்கள் இருக்கும் வீட்டில் இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். என் அத்தை நாளைக்கு ஒரு தரமாவது இதைச் சொல்லாமல் இருக்கமாட்டாள். பதினெட்டு வயசில் மாயவரத்தில் வாழ்க்கைப்பட்டவள், இப்போது அறுபத்தாறு. ஊர்ப் பெருமை பேச அலுக்காதவள், அந்த ஊருக்குள் நாலு எட்டு நடப்பதற்கு மட்டும் அலுத்துக்கொள்வாள். தெருக்கோடி மளிகைக் கடைக்குக்கூட ஆட்டோதான்.

2024 ஐப்பசியில் அத்தையிடமிருந்து போன் வந்தது.

"கடைமுகத்துக்கு வந்துடுடி. முடவன் முழுக்கும் ஆனப்புறம் போகலாம். இந்த வருஷம் துலாக்கட்டத்துக்கு நடந்தே போவோம்."

"யாரு, நீங்களா அத்தே?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. ஆறு வருஷமாகச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் வலி, மாடிப்படி பார்த்தாலே பெருமூச்சு. அப்படிப்பட்ட அத்தையா நடக்கப் போகிறாள்? நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன்.

பகல் வண்டியில் போவதில் ஒரு சுகம். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறியதும் காற்றே மாறிவிடுகிறது. அப்புறம் சீர்காழி, வைத்தீசுவரன் கோயில் என்று இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று சம்பா நடவு. குனிந்த முதுகு நிமிராமல் வரிசையாகப் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். "நடக்க வேண்டும், உடம்பை அசைக்க வேண்டும்" என்று யாரும் இவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றங்காலும் வரப்பும் விட்டு வீட்டுக்குள் வந்துவிட்ட நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அந்தச் சொல் தேவைப்படுகிறது.

ஊருக்குப் பெயர் எத்தனை! பேச்சில் மாயவரம், எழுத்தில் மாயூரம் என்று வெகுகாலம் இருந்தது. 1982-இல் அரசாங்கமே மயிலாடுதுறை என்ற பழைய பெயரைத் திரும்பக் கொடுத்தது. 2020 டிசம்பர் 28 முதல் அது தனி மாவட்டத்தின் தலைநகர்; தமிழ்நாட்டின் 38-வது மாவட்டம். அம்பிகை மயில் உருவெடுத்துச் சிவனைப் பூஜித்த தலம் என்பது புராணம். அந்த மாயூரநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் ஊருக்குள் எங்கே நின்றாலும் வழி காட்டும். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தது இந்த ஊரில்தான். பெண்கள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர். நம் கலியாணங்களில் தாலி கட்டும் நேரத்துக்கு உடுத்தும் கூறைப் புடவைக்குப் பெயர் கொடுத்த கூறைநாடும் இந்த ஊரின் ஒரு பகுதிதான். பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்ட அந்தப் புடவை இல்லாமல் எங்கள் பக்கத்தில் முகூர்த்தமே இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த மாயவரம். தெரியாத மாயவரம் மறுநாள் விடிகாலையில்தான் வந்து கதவைத் தட்டியது.

காலை ஐந்தரை மணி

"அக்கா! எழுந்தாச்சா?"

வாசல் கேட்டைத் தட்டும் சத்தம். கோலம் போட்டு முடித்துத் தயாராக நின்றிருந்த அத்தை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மழை விட்ட தெருவில் ஐந்து பெண்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு மருமகள். ஒருத்தி ஓய்வு பெற்ற டீச்சர். ஒருத்தி கூறைநாட்டில் தறிக்காரர் குடும்பத்தில் பிறந்து இந்தத் தெருவுக்கு வந்தவள். இன்னொருத்தி இட்லிக் கடை வைத்திருப்பவள், ஏழு மணிக்குள் திரும்பியாக வேண்டியவள். ஐந்தாவது ஒரு இளம் தாய். யாருக்கும் விளையாட்டு உடை கிடையாது. நூல் புடவை, சுடிதார், காலில் பின்பட்டி வைத்த செருப்பு. அவ்வளவுதான்.

கோயிலைச் சுற்றிய நாலு வீதிதான் பாதை. ஒரு சுற்று முடிந்ததும் அத்தை வீட்டு வாசலைத் தாண்டுகிறோம். மறுபடி ஒரு சுற்று. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. இருப்பதிலேயே மெதுவாக நடக்கும் அத்தைதான் எல்லோருக்கும் முன்னால் போனாள். வேகமாக நடக்கக் கூடிய டீச்சர் எல்லோருக்கும் பின்னால், கையை வீசிக்கொண்டு நிதானமாக வந்தார்.

"இதென்ன, தலைகீழாக இருக்கிறதே?" என்றேன்.

"அதுக்கு ஒரு கதை இருக்கு. காப்பி குடிக்கும்போது சொல்றேன்" என்றாள் அத்தை. மூச்சு வாங்காமல் சொன்னாள். அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம்!

டாக்டர் சொன்னார், யார் கேட்டது?

பித்தளை டபரா செட்டில் காப்பி வந்தது, அத்தைக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல். கதையும் வந்தது.

டாக்டர்கள் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்களாம், "நடங்கம்மா" என்று. அத்தையும் தலையாட்டிக்கொண்டுதான் வந்தாள். நடக்கத்தான் இல்லை.

"ஏன் அத்தே?"

"சொல்றவருக்கு ஒரு நிமிஷம். நடக்கிறவளுக்கு இல்லே தெரியும்?"

இதில் அத்தை மட்டும் விதிவிலக்கு அல்ல. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-இல் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை. ஆண்களில் 42 பேருக்கு இல்லை. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. நாள் பூராவும் அடுப்படிக்கும் கூடத்துக்கும் அலைகிறோமே என்று தோன்றும். அது அலைச்சல்தான், இருதயம் சற்று வேகமாகத் துடிக்கும்படி தொடர்ந்து செய்யும் நடை அதில் சேருவதில்லை.

அத்தையின் வீட்டுக்கு மாதம் ஒரு முறை ஒரு பெண் வருவாள். நீலப்பை, அதற்குள் ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைகள். தெருவில் எல்லோருக்கும் அவள் 'மாத்திரைப் பொண்ணு'.

யார் இந்தப் பெண்? 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஆஸ்பத்திரியைத் தேடிப் போகாமல், வீடு தேடி வந்து பரிசோதித்து மாத்திரை கொடுப்பதற்காக வந்த திட்டம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆறுதல் சிகிச்சைக்கு ஒரு நர்ஸ், பயிற்சி கொடுக்க ஓர் இயன்முறை மருத்துவர் (அதுதான், நாம் 'பிசியோ' என்கிறோமே) என்று வட்டாரந்தோறும் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் திட்டத்தின் கால்கள் என்றால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள்தான். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள். அதாவது வெளியூர் அதிகாரி அல்ல. உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ இருப்பவள். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு விருதும் கிடைத்தது.

அந்தப் பெண்ணின் வேலை பரிசோதிப்பது, மாத்திரை கொடுப்பது, தேவையானால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது. நடக்க வைப்பது என்று தனியாக யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. ஒரு மாதம் அத்தையின் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு அவளாகத்தான் கேட்டாளாம்.

"அம்மா, நடக்கிறீங்களா?" என்று கேட்கவில்லை. "அம்மா, நடக்கிறதுக்கு எது தடுக்குது?" என்று கேட்டாள். எல்லா வித்தியாசமும் இந்த ஒரு கேள்வியில்தான்!

அத்தை வழக்கம் போல் ஆரம்பித்தாள். தெருநாய். முழங்கால். ஐந்தரைக்குப் பால் வரும். மாமாவுக்குக் காப்பி. இந்த வயசில் கையை வீசிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்தப் பெண் ஒன்றையும் மறுத்துப் பேசவில்லையாம். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாளாம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு அத்தை கடைசிக் காரணத்தைச் சொன்னாள்.

"இருமினா, வேகமா நடந்தா, ஒன்னுக்கு ஒழுகிடுது. நடுத்தெருவிலே அப்படி ஆனா நான் என்ன பண்றது?"

எனக்குக் காப்பி தொண்டையில் நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக அத்தை ஆட்டோவில் போனது சோம்பலால் அல்ல! ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சம், மருமகளிடம் சொல்ல வெட்கம். எங்கள் எல்லோருடைய கேலியையும் வாங்கிக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"இதுக்கா அம்மா இவ்வளவு நாள் வீட்டுக்குள்ளே இருந்தீங்க? எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு" என்றாளாம் அந்தப் பெண்.

அவள் செய்த நாலு காரியம்

முதல் காரியமாக, சுகாதார நிலையத்தில் பெண் டாக்டரிடம் காட்டி, சிறுநீரில் கிருமி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வைத்தாள். அங்கிருந்து இயன்முறை மருத்துவர் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். இது எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. சிறுநீரை அடக்குவதுபோல் கீழ்த் தசைகளை உள்ளுக்கு இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது இதைப் பழகக் கூடாது. காய் நறுக்கும்போதும் டி.வி. பார்க்கும்போதும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். அத்தைக்குத் தெரிந்தது.

இரண்டாவது, தோதான கூட்டம். அந்தப் பேட்டையில் விறுவிறுவென்று நடக்கும் கூட்டம் வேறு இருந்தது. அதில் சேர்த்தால் அத்தை மூன்றாம் நாள் வீட்டோடு நின்றுவிடுவாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். டீச்சரும் இட்லிக் கடைக்காரியும் ஏற்கெனவே இரண்டு பேராக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய்ப் பேசினாள். எங்கேயோ பூங்காவுக்குப் போகாமல் நாலு வீதியையே சுற்றுவது என்று முடிவாயிற்று. ஏன் தெரியுமா? பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அத்தை வீட்டு வாசல் வரும். அவசரமென்றால் உள்ளே போய்விட்டு அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். காரணத்தை யாருக்கும் சொல்ல வேண்டியதும் இல்லை!

மூன்றாவது, முதல் இரண்டு நாள் அவளே கூட வந்தாள். "இவங்கதான் நான் சொன்ன அம்மா. முறுக்கு சுத்துறதிலே இவங்களை மிஞ்ச ஆள் கிடையாது" என்று அறிமுகம் செய்து வைத்தாள். 'சர்க்கரை நோயாளி' என்று சொல்லவில்லை, பாருங்கள்.

நாலாவது, பக்கத்து வீட்டு மருமகளிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தாள். "நீ போகும்போது அம்மா வீட்டு கேட்டை ஒரு தட்டு தட்டு." அவ்வளவுதான். மூன்றாம் நாள் முதல் அவள் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

அரசாங்கம் 2023 நவம்பர் 4-ஆம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கி, 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் மருத்துவ முகாமும் ஏற்பாடு. நல்ல காரியம்தான். ஆனால் அத்தையைப் போன்றவர்களுக்கு எட்டுக் கிலோமீட்டர் அல்ல, வாசல்படியைத் தாண்டும் அந்த முதல் இரண்டடிதான் தூரம். அந்த இரண்டடிக்கு ஒரு மனுஷி கூட வர வேண்டியிருக்கிறது.

செருப்பில் படிந்த தூசி

இதோடு சுபம் என்று நினைத்தேன். அத்தை சிரித்தாள். "ஒரு மாசத்திலே நான் நின்னுட்டேன்டி!"

அடுத்த மாதம் மாத்திரை கொண்டு வந்தபோது அந்தப் பெண் அத்தையின் கையைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பைத்தான் பார்த்தாளாம். மேலே தூசி படிந்திருந்தது.

"பேரனுக்குப் பரீட்சை" என்றாள் அத்தை. "அப்படியா அம்மா" என்று சும்மா உட்கார்ந்திருந்தாள் அவள். கொஞ்ச நேரத்தில் உண்மை வெளியே வந்தது. கூட்டத்தில் எல்லோரும் நல்லவர்கள். ஒவ்வொரு வீதி முனையிலும் அத்தைக்காகக் காத்திருப்பார்கள். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வாள். "வந்தாச்சா? சரி, போவோம்" என்று உடனே கிளம்பிவிடுவார்கள். காத்திருந்தவர்களுக்கு ஓய்வு, கடைசியில் வந்தவளுக்கு ஓய்வே கிடையாது! "நம்மாலே எல்லாருக்கும் தாமதம்" என்ற குறை வேறு. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் நாளுக்கு நாள் குறுகிப்போய், ஒருநாள் கேட்டைத் திறக்கவில்லை.

மறுநாள் அந்தப் பெண் டீச்சரிடம் பேசினாள். அத்தையைப் பற்றிப் புகார் சொல்லவில்லை, யோசனை கேட்டாள். முப்பது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அழைத்துப் போன டீச்சருக்கு யோசனைக்கா பஞ்சம்? "மெதுவா நடக்கிறவங்க முன்னாலே போகட்டும். அவங்க நடைதான் எல்லாருக்கும் நடை. கடைசியிலே நான் வரேன். வேகம் வேணுங்கிறவங்க அப்புறம் இன்னொரு சுத்து சுத்திக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தைதான் தலைவி!

இதை அத்தையின் பேத்தியிடம் போனில் சொன்னேன். அவள் இங்கிலாந்தில் வேலை பார்ப்பவள். "இங்கேயும் அப்படித்தான் அத்தே" என்று அவள் சொன்னது எனக்குப் புதுமையாக இருந்தது. அங்கே ஒரு டாக்டருக்கு ஒரு நோயாளியோடு பேசக் கிடைப்பது பத்து நிமிஷம். அதனால் டாக்டரிடத்திலிருந்து நோயாளியை நடைக் குழு, தோட்டக் குழு, பாட்டுக் குழு என்று எதிலாவது கொண்டுபோய்ச் சேர்க்கத் தனி ஆளையே நியமித்திருக்கிறார்கள். 'இணைப்புப் பணியாளர்' என்று தமிழில் சொல்லலாம். லண்டனின் கிழக்குப் பகுதியில் 1984-இல் தொடங்கிய 'பிராம்லி பை போ' என்ற சமூக மையம் இந்த வழிக்கு முன்னோடிகளில் ஒன்று. 2019 ஜனவரியில் அந்த நாட்டு சுகாதாரத் துறை தன் நீண்டகாலத் திட்டத்தில், 2020-21-க்குள் இப்படி ஆயிரம் பேரை நியமிப்பதாக அறிவித்தது. சம்பளமுள்ள உத்தியோகம். அவர்கள் மருந்து தருவதில்லை, "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டு, உட்கார்ந்து பேசி, தேவையானால் முதல் நாள் கூடவும் போவார்கள்.

அந்த ஊரில் 'பார்க்ரன்' என்று ஒன்று. 2004 அக்டோபர் 2-ஆம் தேதி லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடியதில் ஆரம்பித்து, இன்று பல நாடுகளில் சனிக்கிழமை காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடவோ நடக்கவோ செய்கிறார்கள். கட்டணம் கிடையாது. 2018 முதல் அங்குள்ள குடும்ப டாக்டர்களே நோயாளிகளை அங்கே அனுப்பி வைக்கும் ஏற்பாடும் வந்தது. அதில் ஒரு வழக்கம்தான் என்னைக் கவர்ந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு தொண்டர் எல்லோருக்கும் பின்னால் வருவாராம், 'வால் நடையாளர்' என்று. கடைசியாக வந்து சேருவது எப்போதும் அவர்தான். ஆகவே, வேறு யாரும் கடைசி ஆவதில்லை!

மாயவரத்து டீச்சருக்கு லண்டன் சமாசாரம் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவர் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறதே!

ஒருநாள் தாமதமாக வந்தவர்

ஐப்பசி மாதம் முழுவதும் கங்கை முதலான புண்ணிய நதிகள் எல்லாம் காவேரியில் வந்து கலந்து தங்கள் பாவத்தைத் தீர்த்துக்கொள்கின்றன என்பது நம்பிக்கை. அதனால் மாயவரம் துலாக்கட்டத்தில் மாதம் பூராவும் ஸ்நானம். கடைசி நாள்தான் கடைமுகம். சுற்றுப்புறக் கோயில்களிலிருந்து சுவாமிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள, கரை கொள்ளாத கூட்டம்.

கால் நடக்க முடியாத ஓர் அடியவர், ஐப்பசியில் எப்படியாவது காவேரியில் முழுக வேண்டும் என்று வெகுதூரத்திலிருந்து புறப்பட்டாராம். தட்டுத் தடுமாறி, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தபோது மாதம் முடிந்துவிட்டது. கூட்டமெல்லாம் கலைந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து அழுதார். "உனக்காக இன்னும் ஒரு நாள்" என்று ஈசன் இரங்கினார். கார்த்திகை முதல் தேதியில் முழுகினாலும் ஐப்பசி முழுவதும் முழுகிய பலன் உண்டு என்று வரம். அதுதான் 'முடவன் முழுக்கு'. இன்றும் கார்த்திகை முதல் நாள் அந்தப் பெயரிலேயே ஜனங்கள் வந்து முழுகுகிறார்கள்.

சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அந்த வருஷம்தான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. பின்தங்கியவருக்காக நாளையே ஒன்று கூட்டிக் கொடுத்த ஊர் இது!

நவம்பர் 15-ஆம் தேதி கடைமுகத்துக்குப் போய்க் கூட்டத்தைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். மறுநாள் கார்த்திகை முதல் தேதி. விடியற்காலையில் ஆறு பெண்களோடு நானும் காவேரிக்குப் புறப்பட்டேன். முன்னால் அத்தை, பின்னால் டீச்சர். வழியில் இரண்டு இடத்தில் திண்ணையில் உட்கார்ந்தோம், எல்லோரும் சேர்ந்து. அத்தை எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழுந்தார்கள். ஆற்றின் நடுவில் இருக்கும் நந்தி மண்டபம் கண்ணில் பட்டதும், "வந்துட்டோம்டி" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் நடந்தே வந்து பார்த்த காவேரி!

நீங்களும் சேரலாம்

ஊர் திரும்பியதும் என் டாக்டரிடம் கேட்டும், உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டியைப் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான நடை என்பது பெரியவர்களுக்குக் குறைந்த அளவு. அரை மணி வீதம் ஐந்து நாள். முதலில் பத்து நிமிஷத்தில் தொடங்கினாலும் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நடந்தால் இன்னும் தேயும் என்று பயப்பட வேண்டாம். அளவான நடையில் தொடைத் தசை பலப்பட்டு மூட்டின் பாரத்தைத் தாங்கும். வீங்கிச் சிவந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கோயில் பிரகாரத்தில் நடப்பது நம் பழக்கம்தான். ஆனால் பாதம் மரத்திருந்தால் கல் சுட்டதும் குத்தியதும் தெரியாது. தினம் இரவில் பாதத்தைப் பாருங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் முந்தானையில் நாலு மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள். படபடப்பும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மார்பு அடைத்தாலோ தலை சுற்றினாலோ நடையை நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சுகப்பிரசவமானால், உடம்பு இடம் கொடுத்ததும் வீட்டுக்குள்ளேயும் வாசலிலும் மெல்ல நடக்கத் தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தூரத்தைக் கூட்டுங்கள். மேலே சொன்ன கீழ்த் தசைப் பயிற்சியை இப்போதே பழகினால், அத்தை பட்ட கூச்சம் உங்களுக்கு வராது. வந்தாலும் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. வைத்தியம் உள்ள விஷயம்.

வயலில் குனிந்து உழைக்கிற பெண்களுக்கு? அந்த மாத்திரைப் பெண்ணையே கேட்டேன். "அவங்களுக்கு நடை எதுக்குக்கா? முதுகு வலிக்கு பிசியோகிட்ட அனுப்பறேன். முடிஞ்சா, மத்தியானம் கொஞ்சம் கால் நீட்டிப் படுங்கன்னு சொல்றேன்" என்றாள். ஆளுக்குத் தகுந்த யோசனை. இதுதான் கெட்டிக்காரத்தனம்.

கடைசியாக ஒன்று. அவளுக்குக் கிடைப்பது சொற்ப ஊக்கத்தொகை. பார்க்க வேண்டிய வீடுகளோ ஏராளம். அத்தைக்குச் செய்ததை ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே செய்ய முடியுமா? முடியாது. ஆனால் கேட்டைத் தட்ட நம்மால் முடியுமே! உங்கள் தெருவிலும் ஓர் அத்தை இருப்பாள், சோம்பேறி என்று பெயர் வாங்கிக்கொண்டு. "ஏன் நடக்கவில்லை?" என்று அதட்டாமல் "எது தடுக்கிறது?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. கடைசிக் காரணம் வரும் வரை பொறுமையாக உட்கார்ந்திருங்கள்.

நான் ரயில் ஏறும் அன்று காலையிலும் ஐந்தரைக்குக் கேட் தட்டப்பட்டது. வழக்கமாகத் தட்டும் மருமகளுக்குக் காய்ச்சலாம். அன்று தட்டியது டீச்சர். நான் எழுந்து வருவதற்குள் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டாயிற்று. "அவளுக்கு ரசம் வெச்சுக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு, எதிர்வீட்டுக்காரியையும் ஒரு வார்த்தை கேட்கணும்டி" என்றாள் போகிறபோக்கில். "மூணு மாசமா அவ வெளியிலேயே வரலை. என்னன்னு தெரியலை."